ஐரோப்பாவில் ராத்திரி ரயில் ஏறப்போகிறீர்களா? படுக்கையைப் பார்த்துப் பிடியுங்கள்

காட்பாடியில் நள்ளிரவு வாக்கில் கோயம்புத்தூர் பக்கம் போகிற வண்டியைப் பிடித்தவர்களுக்கு ராத்திரி ரயில் என்றால் என்ன என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. செல்போன் வெளிச்சத்தில் பெர்த் எண்ணைத் தேடி, நம் மிடில் பெர்த்தில் சென்னையிலிருந்தே குறட்டை விட்டுக்கொண்டு வருகிறவரைத் தட்டி எழுப்பி, அவர் முறைக்க, நாம் டிக்கெட்டைக் காட்ட, ஒருவழியாகப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கண் அசரும்போது ஈரோட்டு டீக்காரர் வந்துவிடுவார். இந்த அனுபவம் ஐரோப்பாவிலும் நன்றாகவே உதவும். ஒரே ஒரு விஷயத்தில்தான் நம் கணக்கு அங்கே தப்பிப் போகும், அதுவும் டிக்கெட் எடுக்கும்போதே தப்பும்.

நம் ஊர் ஸ்லீப்பரிலும் த்ரீ டயர் ஏசியிலும் கதவு கிடையாது. ஒரு கோச்சில் எழுபது சொச்சம் பேர், எல்லாரும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி படுத்திருக்கிறோம். குழந்தை அழுதாலும் கோச்சே எழுந்துகொள்ளும், யாராவது தகராறு செய்தாலும் கோச்சே எழுந்துகொள்ளும். அந்தக் கூட்டம்தான் நமக்குப் பாதுகாப்பு. ஐரோப்பிய ராத்திரி ரயிலில் ஒரு பக்கம் நீளமாக நடைபாதை, இன்னொரு பக்கம் வரிசையாக அறைகள், ஒவ்வொரு அறைக்கும் கதவு, ராத்திரி அதை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். உள்ளே நீங்களும் முன்பின் தெரியாத ஐந்து பேரும் இருக்கலாம், நீங்களும் வீட்டுக்காரம்மாவும் மட்டும் இருக்கலாம், தனியாகவும் இருக்கலாம். நீங்கள் கொடுக்கிற காசில் பெரும்பகுதி மெத்தைக்கு இல்லை, அந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை பேர் என்பதற்குத்தான். அதனால் டிக்கெட் எடுக்கிற பக்கத்தில் எந்தப் பெயர் போட்டிருந்தாலும் முதலில் இதைப் பாருங்கள்: கதவுக்குப் பின்னால் எத்தனை பேர், அவர்கள் யாராக இருக்கலாம். அடுத்தது, கை கழுவும் தொட்டியும் கழிப்பறையும் கதவுக்கு உள்ளேயா வெளியேயா. அப்புறம் வண்டி காலையில் எத்தனை மணிக்குக் கொண்டுபோய் விடுகிறது. வகுப்பின் பெயரைக் கடைசியில் பார்த்தால் போதும்.

நான் ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறேன். மிலானில் நடக்கிற லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்குப் போய்விட்டு, அப்படியே ஆஸ்திரியா, ஜெர்மனிப் பக்கம் வாடிக்கையாளர்களைப் பார்த்துவிட்டு வருவது என் வேலையில் ஒரு பகுதி. ஹோட்டல் பில்லைப் பார்த்தால் முதலாளிக்கு முகம் சுருங்கும், அதனால் ராத்திரி ரயில் பழகிவிட்டது. ஊருக்குத் திரும்பினால் யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆம்பூர்க்காரர் ஒருவர், ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிற நர்ஸ் தங்கை ஒருத்தி, குடியாத்தத்தில் ரிடையர் ஆன வாத்தியார் ஒருவர் என்று போன சில மாதங்களில் மட்டும் மூன்று பேர். மூன்று பேருக்கும் மூன்று பதில் சொன்னேன்.

பொதுவாக அங்கே மூன்று வகை. வெறும் உட்காரும் சீட், கூஷெட், ஸ்லீப்பர். கவனிக்க வேண்டியது என்னவென்றால், நாம் ஸ்லீப்பர் என்று சொல்வது அவர்கள் ஊரில் கூஷெட். அவர்கள் ஸ்லீப்பர் என்று சொல்வது நம் ஃபர்ஸ்ட் ஏசி கூப்பேக்குப் பக்கத்தில் வரும். இதைக் குழப்பிக்கொண்டு, விலையைப் பார்த்து மயங்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். ஜெர்மன் மொழியில் கூஷெட்டுக்கு லீகெவாகன், ஸ்லீப்பருக்கு ஷ்லாஃப்வாகன். இத்தாலியில் குச்செட்டா என்றால் கூஷெட், வகோனே லெத்தோ என்றால் ஸ்லீப்பர். கோச்சின் மேலேயும் டிக்கெட்டிலும் இந்தச் சொற்கள்தான் இருக்கும்.

சீட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பழைய கோச்சுகளில் ஆறு பேர் எதிரும் புதிருமாக உட்காருகிற அறை. வேலூரிலிருந்து கோயம்பேடு வரைக்கும் பஸ்ஸில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து போவதும், முழு ராத்திரி எதிராளியின் முட்டி நம் முட்டியில் இடிக்க உட்கார்ந்து போவதும் ஒன்றில்லை. மறுநாள் முழுக்க ஊர் சுற்றவா முடியும்? கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து, காசில்லாமல், சிரித்துக்கொண்டே போகிறார்கள் என்றால் சரி. மற்றவர்கள் விட்டுவிடுங்கள். சாமானையும் அங்கே தூங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கூஷெட்தான் நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்துகிற இடம், ஆனால் அதற்குள்ளேயே இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று ஆறு படுக்கை, பக்கத்துக்கு மூன்று. நம் த்ரீ டயரில் சைடு பெர்த்தைக் கழித்துவிட்டு மீதிக்குக் கதவு போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. இன்னொன்று நாலு படுக்கை. பெரும்பாலும் அதே அறைதான், நடுப் பலகையை மடித்து வைத்துவிட்டு நாலு பேருக்கு விற்கிறார்கள். காகிதத்தில் இரண்டு பேர்தான் குறைகிறார்கள். அறைக்குள்ளே போனால் அது வேறு உலகம், ஏனென்றால் ஆறு பேர் அறையில் ஆறு பேருடைய பெட்டி, ஆறு ஜோடி ஷூ, ஆறு ஜாக்கெட், ஆறு பேருடைய மூச்சு எல்லாம் சேர்ந்துதான் வருகிறது, அதுவும் ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழிட்ட பிறகு. ஜூலை மாதம் ஏசி சரியாக ஓடாத ஒரு பழைய கோச்சில் ஆறாவது ஆளாக ஒரு தடவை படுத்தேன், அக்னி நட்சத்திரத்தில் கரன்ட் போன சத்துவாச்சாரி வீடு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே முடிவு: ஆறுக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசம் கையைக் கடிக்காத அளவில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நாலை எடுத்துவிடுவேன். இந்தப் பயணத்தில் போடுகிற காசிலேயே அதிகம் திரும்பக் கிடைக்கிற காசு அதுதான்.

கூஷெட்டில் தலையணை, விரிப்பு, போர்வை கொடுப்பார்கள், படுக்கையை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே தண்ணீர்த் தொட்டி கிடையாது, கழிப்பறை கோச்சின் கோடியில். எல்லாரும் போட்டிருக்கிற உடையோடு படுப்பார்கள், லுங்கி மாற்றுகிற திட்டம் இருந்தால் கழிப்பறையில் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள். ஆஸ்திரிய ரயில்வே நடத்துகிற நைட்ஜெட்டில் கூஷெட் டிக்கெட்டோடு ஒரு தண்ணீர் பாட்டிலும், காலையில் பன், வெண்ணெய், ஜாம், காபி அல்லது டீயும் வந்துவிடும். கோச் பணியாளர் ஒருவர் இருப்பார், நம் இறங்கும் இடத்துக்கு முன்னால் அவரே எழுப்பிவிடுவார். ஐரோப்பாவின் ராத்திரி ரயில்களில் பெரிய வலைப்பின்னல் இன்றைக்கு அவர்களுடையதுதான். ஜெர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன்னுடைய ராத்திரி ரயில்களை நிறுத்தியபோது, அதில் பல தடங்களை எடுத்துக்கொண்டு நைட்ஜெட் என்று பெயர் வைத்து ஓட்ட ஆரம்பித்தார்கள்.

எந்தப் பெர்த் என்று கேட்பார்கள். கீழ் பெர்த் வயசானவர்களுக்கு நல்லது, ஆனால் மற்றவர்கள் ஏறி இறங்குவதெல்லாம் உங்கள் காலடியில்தான். நடு பெர்த்தில் நிமிர்ந்து உட்காரவே முடியாது, ஆறு பேர் அறையில் அதுதான் யாருக்கும் வேண்டாத இடம். ஏணி ஏற முடிகிறவர் என்றால் மேல் பெர்த்தைக் கேளுங்கள். பல பழைய கூஷெட்டுகளில் நடைபாதைக்கு மேலே ஒரு பரண் இருக்கும், அதில் சாமான் வைக்க மேல் பெர்த்காரருக்குத்தான் கை எட்டும். பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்ட மாதிரி நிம்மதியாகத் தூங்கலாம். அறை எண் தேர்ந்தெடுக்க விட்டால் கோச்சின் நடுவில் எடுங்கள், கோடியில் சக்கரச் சத்தமும் கழிப்பறைக் கதவுச் சத்தமும் ராத்திரி முழுக்க. இது நமக்குத் தெரிந்த கதைதான்.

அந்த நர்ஸ் தங்கை கேட்டது நியாயமான கேள்வி. "அண்ணா, ஆறு பேர் ரூம்ல கதவ சாத்திக்கினு, தெரியாத ஆம்பளங்க கூட நான் எப்படிணா தூங்கறது?" கூஷெட்டில் ஆணும் பெண்ணும் கலந்துதான் போடுவார்கள், அங்கே அது சாதாரணம், யாரும் யாரையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் நமக்குத் தூக்கம் வரவேண்டுமே. நைட்ஜெட்டில் பெண்களுக்கு மட்டுமான கூஷெட் அறை என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது, பிரான்ஸின் ராத்திரி ரயில்களிலும் தனியாக வரும் பெண்களுக்கான இடம் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே அதைக் குறிக்க வேண்டும், ஏறின பிறகு மாற்றிக் கேட்டால் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் ஸ்லீப்பரில் ஒரு படுக்கை. தனியாக வருகிறவர்கள் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ளும்போது அங்கே ஆண்களை ஆண்களோடும் பெண்களைப் பெண்களோடும்தான் போடுவார்கள். அவளுக்கு நான் சொன்னது பெண்கள் கூஷெட். அதற்குக் காரணம் அவளுடைய முதல் மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை என்பது.

ஸ்லீப்பர் என்பது நிஜமான சின்ன அறை. நல்ல மெத்தை, கை கழுவும் தொட்டி, கண்ணாடி, துண்டு. ஒரே அறையை ஒருவருக்கு, இருவருக்கு, மூவருக்கு என்று மூன்று விலையில் விற்பார்கள். படுக்கைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஒரே பக்கத்தில் இருக்கும். அதற்கு மேலே டீலக்ஸ் என்று ஒன்று, அறைக்குள்ளேயே ஷவரும் கழிப்பறையும். டீலக்ஸ் விலையைப் பார்த்தால் யாருக்கும் கை நடுங்கும். ஆனால் காலை ஏழு மணிக்கு இறங்கி ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் முன்னால் உட்கார வேண்டியவருக்கு, ஹோட்டலில் மத்தியானம்தான் அறை கொடுப்பார்கள் என்கிற நிலையில், ரயிலிலேயே குளித்துச் சட்டை மாற்றுவது ஆடம்பரத்தில் சேராது.

ஆம்பூர்க்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். "இன்னாபா, ராத்திரி படுக்க இவ்ளோ துட்டா, ஓட்டலே எடுத்துக்கலாமே!" அவருக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். பகல் ரயில் டிக்கெட்டையும் அந்த ஊரில் ஓர் இரவு ஹோட்டல் வாடகையையும் கூட்டுங்கள், அதோடு பகலில் ரயிலில் போகிற நேரத்துக்கு உங்கள் வேலையில் என்ன விலையோ அதையும் சேருங்கள். ஸ்லீப்பர் டிக்கெட் அதற்குக் கீழே வந்தால் எடுங்கள், மேலே போனால் விடுங்கள். ஆனால் ஒரு கண்டிஷன், வண்டி குறைந்தது ஒன்பது பத்து மணி நேரமாவது ஓட வேண்டும். வியன்னாவில் இரவு ஒன்பதரை வாக்கில் கிளம்பி வெனிஸில் காலை எட்டரை வாக்கில் சேருகிற வண்டி மாதிரி இருந்தால் அது தூக்கம். பதினொன்றரைக்கு ஏற்றி ஐந்தரைக்கு இறக்கிவிடுகிற வண்டியில் டீலக்ஸ் எடுத்தால், ஷவரின் அழகைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

2023 டிசம்பரில் நைட்ஜெட் புதிய வண்டிகளை இறக்கியது, முதலில் வியன்னாவிலிருந்தும் இன்ஸ்ப்ரூக்கிலிருந்தும் ஹாம்பர்க்குக்கு. இதில் கணக்கே கொஞ்சம் மாறுகிறது. ஸ்லீப்பர் எல்லாம் இரண்டு பேர் அறை, எல்லாவற்றிலும் ஷவரும் கழிப்பறையும் உள்ளேயே. ஆறு பேர் கூஷெட் கிடையாது, நாலு பேர் அறைதான். அதனால் அப்பா, அம்மா, பிள்ளை என்று மூவர் குடும்பம் பழைய வண்டியில் மூன்று படுக்கை ஸ்லீப்பரில் போயிருக்கும், புதிய வண்டியில் அது முடியாது. நாலு படுக்கைக் கூஷெட் அறையை முழுசாகத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளலாம், அப்படி மொத்தமாக வாங்குகிற வசதி டிக்கெட் பக்கத்திலேயே இருக்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு எந்த ரயிலிலும் நான் சொல்வது இதுதான். கதவுக்குப் பின்னால் எல்லாரும் நம் ஆட்கள் என்றால் கூஷெட்டே சொர்க்கம்.

புதிய வண்டியின் பெரிய பேச்சு மினி கேபின். தனியாகப் போகிறவருக்கு ஓர் ஆள் படுக்கிற அளவு பெட்டகம், அதற்குத் தனியாகச் சாத்திக்கொள்ளும் கதவு, உள்ளே குட்டி மேசை, விளக்கு, சார்ஜ் போட இடம். சாமான் வெளியே பூட்டு போட்ட லாக்கரில். தேனீக்கூடு மாதிரி மேலும் கீழுமாக அடுக்கியிருக்கிறார்கள். கூஷெட் மாதிரியான காசில் கதவுக்குப் பின்னால் நீங்கள் மட்டும்! என் கணக்குப்படி பார்த்தால் இதைத்தான் எல்லாருக்கும் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு எடை தொண்ணூறு கிலோ. உள்ளே புரண்டு படுக்க முயன்றபோது, பரண்மேல் வைத்த பித்தளை அண்டா ஞாபகம் வந்தது. ஒல்லியானவர்களுக்கு, மூடின இடத்தில் பயம் இல்லாதவர்களுக்கு அருமை. மற்றவர்கள் யோசித்து எடுங்கள். அந்த நர்ஸ் தங்கை போகிற தடத்தில் இது இருந்திருந்தால் அவளுக்கு இதையே சொல்லியிருப்பேன்.

இனி வகுப்புப் பெயர் செய்கிற வேலையைப் பாருங்கள். பிரான்ஸில் பாரிஸ் ஆஸ்டர்லிட்ஸ் ஸ்டேஷனிலிருந்து நீஸ், துலூஸ் பக்கம் ராத்திரி ரயில் போகிறது. அதில் முதல் வகுப்பு என்று போட்டிருந்தால் நமக்கு ஃபர்ஸ்ட் ஏசி நினைவு வரும். அங்கே முதல் வகுப்பு என்றால் நாலு பேர் கூஷெட், இரண்டாம் வகுப்பு என்றால் ஆறு பேர் கூஷெட், அவ்வளவுதான். ஸ்லீப்பர் அறை என்பதே அந்த ரயில்களில் கிடையாது. லண்டன் யூஸ்டனிலிருந்து ஸ்காட்லாந்து போகிற கலடோனியன் ஸ்லீப்பரில் நேர்மாறு. கூஷெட்டே இல்லை, சீட் அல்லது அறை. அறையை முழுசாகத்தான் விற்கிறார்கள், தெரியாதவரோடு பங்கு போடுகிற பேச்சில்லை. அதில் கிளாசிக் அறைக்குள் தொட்டி மட்டும், கிளப் அறையில் கழிப்பறையும் ஷவரும், டபுள் என்றால் இருவர் படுக்கிற ஒரே கட்டில். (அது பிரிட்டன், ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் போக முடியாது. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒருவர் கேட்டார்.) பின்லாந்தில் ஹெல்சிங்கியிலிருந்து ரோவனியெமி போகிற மாடி ரயிலில் மேல்மாடி அறைகளில் ஷவர் உள்ளே, கீழ்மாடியில் கழிப்பறை வெளியே, அங்கே வகுப்பு இல்லை, மாடிதான் கேள்வி. இத்தாலியில் ரோமிலிருந்தோ மிலானிலிருந்தோ சிசிலித் தீவுக்குப் போகிற ராத்திரி ரயில் இன்னும் விசேஷம், வில்லா சான் ஜொவான்னியில் கோச்சுகளைப் பிரித்துக் கப்பலுக்குள் தள்ளி, மெசினாவில் இறக்கி மறுபடி பூட்டுவார்கள். பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கே அது வேடிக்கையாக இருந்தது. இடிக்கும், குலுங்கும், எழுந்துகொள்வீர்கள். எழுந்தால் மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பாருங்கள்.

டிக்கெட் விஷயம். ஐஆர்சிடிசியில் 2024 நவம்பரிலிருந்து அறுபது நாள் முன்னால்தான் திறக்கிறது. அங்கே நைட்ஜெட் மாதிரி வண்டிகளில் ஆறு மாதம் முன்னால்கூடத் திறக்கும். விலை விமான டிக்கெட் மாதிரி ஏறிக்கொண்டே போகும். முதலில் தீருவது பெரும்பாலும் ஸ்லீப்பரும் நாலு பேர் கூஷெட்டும். ஆர்ஏசி, வெயிட்டிங் லிஸ்ட், தட்கல், இதெல்லாம் நம் ஊர்ச் சொத்து, அங்கே இடம் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. டிடிஇயைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் நடுவில் ஐரோப்பா முழுக்க அட்டவணை மாறும், அப்போது தடங்களே காணாமல் போகும். பாரிஸ்–வியன்னா நைட்ஜெட் 2021 டிசம்பரில் ஆரம்பித்தது, 2025 டிசம்பரில் நின்றுவிட்டது. ஆகவே மூன்று வருஷம் முன்னால் போய்வந்த மச்சான் சொன்ன ரயிலை நம்பி ஹோட்டலை முடிவு செய்யாதீர்கள்.

ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களுக்கும் செல்லுகிற யூரெயில் பாஸ் வாங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பாஸ் பயணத்துக்குத்தான், படுக்கைக்குத் தனிக் காசு, தனி முன்பதிவு. பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டால் ரயிலில் இடம் இருந்தும் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். நல்ல செய்தி என்னவென்றால், நள்ளிரவுக்குப் பிறகு வண்டி மாறாத வரைக்கும் கிளம்புகிற நாள் ஒன்றைத்தான் பயண நாளாகக் கழிப்பார்கள். விஐடியிலிருந்து அங்கே ஒரு செமஸ்டர் படிக்கப் போய், குடியிருப்பு அனுமதி வைத்திருக்கிற பிள்ளைகள் யூரெயில் வாங்க வேண்டாம், ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கான இன்டர்ரெயில் பாஸையே வாங்கலாம்.

சாமான். நான் முதல் தடவை விமானத்துக்குக் கட்டின இருபத்து மூன்று கிலோ பெட்டியோடு ஆறு பேர் கூஷெட்டில் ஏறினேன். போர்ட்டர் கிடையாது, பல ஊர்களில் பிளாட்ஃபாரம் தாழ்வு, மூன்று படி ஏற வேண்டும், நடைபாதையில் ஓர் ஆள்தான் போகலாம், எதிரே வந்த ஒரு பாட்டி எனக்காகப் பின்னாலேயே நடந்து போனார். அறைக்குள் பெட்டி கீழ் பெர்த்துக்கு அடியில் நுழையவில்லை. கடைசியில் அது நடுவில் நின்றது, ராத்திரி எழுந்தவர்கள் எல்லாரும் அதில் இடித்துக்கொண்டு என்னென்னவோ மொழியில் முனகினார்கள். கேபின் சைஸ் பை போதும். பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போவேன் என்றால் கூஷெட் வேண்டாம், முழு அறை எடுங்கள்.

கழிப்பறையில் காகிதம்தான். மக் கிடையாது, ஹேண்ட் ஷவர் கிடையாது. காலி பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும். தொட்டித் தண்ணீரைக் குடிக்காதீர்கள். செருப்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரி ஷூவுக்கு லேஸ் கட்டுகிற வேலை மிச்சம். காலை ஆறரைக்குக் கழிப்பறை வாசலில் வரிசை நிற்கும், ஆறுக்கே போய்விட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்கிறவர் புத்திசாலி.

சாப்பாடு ஏறும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள், பல வண்டிகளில் உணவுக் கோச் இல்லை, நடுராத்திரி பிளாட்ஃபாரத்தில் யாரும் பிரியாணிப் பொட்டலம் விற்பதில்லை. புளியோதரை, சப்பாத்தி, இட்லிப்பொடி எல்லாம் பிரச்சினையில்லை. என்னோடு வந்த வாணியம்பாடி நண்பர் ஒருவர் பூட்டின அறைக்குள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கத்தரிக்காய் தொக்கைத் திறந்தார். தொக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேல் பெர்த்காரர் இறங்கிப் போய் நடைபாதையில் நின்றுவிட்டார், அரை மணி நேரம் திரும்பவே இல்லை.

பாஸ்போர்ட் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஷெங்கனுக்குள் எல்லை இல்லை என்றுதான் பேச்சு, ஆனால் ஜெர்மன் எல்லையில் போலீஸ் ஏறிப் பார்ப்பது இப்போதெல்லாம் சாதாரணம். ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுசாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால், புடாபெஸ்ட்–புக்காரெஸ்ட் ராத்திரி ரயிலில் எல்லைக்காக எழுப்புகிற வேலை போய்விட்டது. சோஃபியாவிலிருந்து இஸ்தான்புல் போகிறவர்கள் மட்டும் எந்த அறை எடுத்தாலும் நடுராத்திரி துருக்கி எல்லையில் கபிகுலேயில் இறங்கி வரிசையில் நின்றாக வேண்டும். அந்த வண்டியில் தூக்கத்துக்காக அதிகக் காசு போடாதீர்கள்.

முடிந்தவரை கிளம்புகிற ஊரிலேயே ஏறுங்கள். நடுவழியில் ராத்திரி ஒரு மணிக்கு ஏறினால் கதை நம் காட்பாடிக் கதைதான், கூடுதலாகத் தாழிட்ட கதவைத் தட்டி ஐந்து பேரை எழுப்ப வேண்டும். கோச் எண்ணைச் சரிபார்த்து ஏறுங்கள், ஏனென்றால் பல ராத்திரி ரயில்கள் நம் லிங்க் எக்ஸ்பிரஸ் மாதிரி வழியில் பிரியும். சால்ஸ்பர்க்கிலோ வில்லாக்கிலோ கோச்சுகளைக் கழற்றி மாற்றிப் பூட்டி, பாதி ஒரு நாட்டுக்கும் பாதி இன்னொரு நாட்டுக்கும் போகும். பக்கத்து கோச்சில் நண்பரோடு பேசிக்கொண்டே அசந்துவிட்டால் காலையில் ஆளுக்கொரு நாட்டில் எழுந்திருப்பீர்கள்.

குடியாத்தம் வாத்தியார்தான் மிச்சம். மகள் வியன்னாவில் இருக்கிறாள், சாரும் டீச்சரம்மாவும் அங்கே போய், அங்கிருந்து வெனிஸ் பார்க்க ஆசை. இரண்டு பேருக்கும் முட்டி வலி. நான் முதலில் யோசிக்காமல் இரண்டு படுக்கை ஸ்லீப்பர் என்று சொல்லிவிட்டேன், அப்புறம்தான் உறைத்தது, அதில் ஒருவர் மேலே ஏறியாக வேண்டும். கூஷெட்டில் இரண்டு கீழ் பெர்த் கிடைக்கும், ஆனால் மேலே இரண்டு பேர் தெரியாதவர்கள், ராத்திரி ஏணியில் ஏறி இறங்குவார்கள். முழு அறையையும் எடுத்தால் தேவையில்லாத இரண்டு படுக்கைக்கும் சேர்த்துக் காசு. சார் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, "ஏம்பா, பகல்ல வண்டி இல்லியா?" என்று கேட்டார். இருக்கிறது. காலையில் ஏறினால் சாயங்காலத்துக்குள் வெனிஸ், வழியில் 1854இல் திறந்த ஸெமரிங் மலைப்பாதை, யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது, ராத்திரி வண்டியில் போனால் பார்க்கக் கிடைக்காத இடம். ஜன்னலோரமாக எதிரெதிர் சீட் இரண்டு போட்டுக் கொடுத்தேன்.